தண்டில் விழுந்த வெயில்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் நான் வழக்கமாகக் காபித்தூள் வாங்கும் கடையில் மறுபடியும் விலையை ஏற்றிவிட்டார்கள்.

"என்னங்க, போன மாசம்தானே ஏத்தினீங்க?"

மிஷினுக்குள் கொட்டையைக் கொட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிரவில்லை. "பிரேசில்ல மழை இல்லியாம் சார். நம்ம பக்கம் பூச்சியாம். நான் என்ன பண்றது? சிக்கரி கொஞ்சம் கூடப் போட்டுக்கங்க, கட்டுப்படியாகும்."

சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் போகலாம் என்று சட்டமே இருக்கிறது. அதாவது பாதிக்கு ஒரு சதவீதம் மேலே இருந்தால் போதும், அதன் பெயர் காபி. (அரசியல் கட்சிகளுக்கும் இதே பெரும்பான்மைக் கணக்குதான்.) நான் பழையபடி எண்பதுக்கு இருபது என்றே வாங்கிக்கொண்டு, சூடான பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

பிரேசில் விஷயம் பேப்பரில் படித்ததுதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டியது. அது பாட்டுக்கு இருக்கட்டும். "பூச்சியாம்" என்று அவர் போகிறபோக்கில் சொன்னாரே, அந்த ஒரு சொல்தான் வழியெல்லாம் கூட வந்தது. அந்தப் பூச்சியை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான் குடியிருக்கும் இந்த வீட்டுக்கும் அந்தப் பூச்சிக்கும் ஒரு கணக்கு உண்டு.

என் தாய்மாமாவுக்குத் தாண்டிக்குடிக்கு மேலே நாலு ஏக்கர் காபித் தோட்டம் இருந்தது. தாண்டிக்குடி தெரியாதவர்களுக்கு: கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்காமல் விட்டுவிடும் கீழ்ப் பழனி மலை. வத்தலக்குண்டில் இறங்கி, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறி, வளைந்து வளைந்து போகவேண்டும். பட்டிவீரன்பட்டி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தி.நகர் பாண்டி பஜாரில் அரைநாள் சுற்றி ஒரு ஜாக்கெட் பிட் வாங்கி வருகிறோமே, அந்தப் 'பாண்டி' யார் என்று யாருக்காவது தெரியுமா? பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சவுந்திரபாண்டியன். நீதிக் கட்சிக்காரர். காபித் தோட்டக் குடும்பம். அந்த மலையின் காபி இப்படி ஒரு பெயராகச் சென்னைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சின்ன வயதில் லீவுக்குப் போனால் மாமாவின் தோட்டம் ஒரு காடு மாதிரி இருக்கும். மேலே பலா, சில்வர் ஓக். அதற்குக் கீழே கல்யாண முருங்கை, அதில் சுற்றி ஏறின மிளகு. நடுநடுவே மலைவாழை, கமலா ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் அடியில் அடக்கமாகக் காபி. மத்தியானம் 12 மணிக்குக்கூடத் தரையில் வெயில் சில்லறைக் காசு மாதிரிதான் சிதறிக் கிடக்கும்.

அந்த மலைக்காரர்கள் நோயோடு குடும்பம் நடத்தினவர்கள். மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்தது. அசுவினி என்கிற ஒரு பேன் பரப்புகிற வைரஸ். வாழையின் தலையில் இலையெல்லாம் குறுகி, ஒரு கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. பிறகு ஆரஞ்சு போயிற்று. இலை மஞ்சளாகி, காய் சிறுத்து, மரம் நின்றபடியே பட்டுப்போகும். மாமா இதையெல்லாம் சொல்லும்போது வருத்தமே தெரியாது. "வாழைக்கு முடிக்கொத்து, ஆரஞ்சுக்கு மஞ்ச நோவு, மனுசனுக்குச் சக்கரை. எது எதுக்கு என்னென்ன வரணுமோ அது வரும் மாப்ள" என்பார்.

காபிக்கு அப்போது தெரிந்த நோய் இலைத் துரு. இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பசங்கள் அதை நெற்றியில் வைத்து விளையாடுவோம். மாமா மழைக்கு முன்னால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார். போர்டோ கலவை. பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு 1880களில் கண்டுபிடித்த மருந்து. தாண்டிக்குடியில் அதை 'போடா மருந்து' என்பார்கள். சரியாகத்தான் இருக்கிறது, நோயைப் பார்த்து 'போடா' என்கிற மருந்து.

இனி 1993.

எனக்கு அப்போது வயது 27. தாம்பரத்தில் வாடகை வீடு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம், ஒரு ரூமில் அம்மாவும் நாங்களும். ஊரப்பாக்கத்தில் மனை போட்டிருக்கிறார்கள் என்று ஆபீஸ் நண்பர் கூட்டிக்கொண்டு போனார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் சவுக்கும் கருவேலமும் வெட்டவெளியும். ராத்திரி காற்று திரும்பினால் வண்டலூர் ஜூவிலிருந்து சிங்கம் கத்துவது கேட்கும் என்றார் புரோக்கர், அதுவும் ஒரு வசதி மாதிரி. ஒரு கிரவுண்டு வாங்கப் பணத்தைப் புரட்டிப் பார்த்ததில் நாற்பதாயிரம் துண்டு விழுந்தது.

அம்மா எனக்குத் தெரியாமல் மாமாவுக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டிருக்கிறாள். தெரியாமல் என்று எழுதுவது பொய். தெரியும். லெட்டரை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டது நான்தான்.

ஒரு மாசம் கழித்து, 94 ஜனவரியில் மாமா வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு கிலோ காபித்தூள், அதற்கு அடியில் துண்டில் சுற்றின நாற்பதாயிரம். "தோட்டத்துல உன் பங்குன்னு வச்சுக்க தங்கச்சி" என்று அம்மாவிடம் கொடுத்தார். ஏது பணம் என்று கேட்டதற்கு, "மரம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, கழிச்சு விட்டேன்" என்றார். அறுபத்துச் சொச்சம் மரம். சில்வர் ஓக் முழுக்க, பலாவில் பாதி. பெட்டி அடிக்கிற மர வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனாராம். நாங்கள் பணத்தை எண்ணினோம். மரத்தை எண்ணவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கை என்ற சொல்லை வேறு வழியில்லாமல் போடுகிறேன்) முதல் இரண்டு வருஷம் தோட்டம் கொழித்தது. நிழலில் ஒடுங்கிக் கிடந்த காபிச் செடிக்கு வெயில் பட்டால் அது வெறி பிடித்த மாதிரி பூக்கும், காய்க்கும். போதாக்குறைக்கு 1994 ஜூன், ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து, உலகம் முழுக்கக் காபி விலை எகிறியது. வரிசையாகக் காபி போர்டிடமே கொடுத்துக்கொண்டிருந்த சின்ன விவசாயிகளுக்கு அந்தச் சமயத்தில்தான் வெளியில் விற்கும் சுதந்திரமும் வந்துகொண்டிருந்தது. மாமா அத்தைக்கு ஒரு செயின் வாங்கினார். "மரத்தை வெட்டினது நல்லதாப் போச்சு பாரு" என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

1997 சித்திரையில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறியதும் கண் கூசியது. தோட்டத்தில் கண் கூசுவது புதிது. மாமா என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு செடியிடம் போனார். இலை மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டில், நரம்பு புடைத்த மாதிரி வளையம் வளையமாக மேடு. ஒரு கையால் பிடித்து இழுத்தார். பத்து வருஷச் செடி, முருங்கைக் கிளை மாதிரி மடக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. உள்ளே சுரங்கப்பாதை. அதில் மரத்தூளை இறுக்கி அடைத்திருந்தது. கத்தியால் பிளந்து, ஒரு வண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கருப்பு உடம்பு, அதில் வெள்ளையாகக் கோடு. அழகாகக்கூட இருந்தது.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வருஷத்தில் இரண்டு சீசன் வெளியே வரும். ஏப்ரல், மே ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று. பெண் வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு முதலில் பட்டைக்குக் கீழே மேய்ந்து, பிறகு கட்டைக்குள் இறங்கி, மாசக்கணக்கில் சுரங்கம் தோண்டும். மருந்து அடித்தால் எட்டாது. அது வீட்டுக்குள் இருக்கிறது, நாம் சுவரில் அடிக்கிறோம். ரொபஸ்டா பக்கம் அநேகமாகப் போகாது. அராபிகா என்றால் உயிர். வைத்தியம் என்று பார்த்தால், வண்டு வெளியே வருவதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடியாகத் தடவிப் பார்த்து, மேடு தட்டினதை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். மிச்சச் செடிகளின் தண்டைத் தேய்த்து, 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துப் பூச வேண்டும். பிள்ளையை எரித்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலை.

அந்த வருஷம் மாமா எத்தனை செடி எரித்தார் என்று நான் கேட்கவில்லை. களத்தில் சாம்பல் கிடந்தது. சாப்பிடும்போது அத்தை என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறின மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

ஏன் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குத் தெரியவந்தது 2003ல்.

நடுவில் 2000லிருந்து இரண்டு மூன்று வருஷம் காபி விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. வியட்நாம் மலைமலையாக விளைவித்துத் தள்ளியதில் உலகச் சந்தையே சாய்ந்துவிட்டது. செடி போனால் மறுபடி நடலாம். நட்டு, காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். அதுவரை சாப்பிட வேண்டுமே. மாமாவால் முடியவில்லை. தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே யோசனை கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு இளம் அதிகாரி, நல்ல பையன், பொறுமையாகக் கேட்டார்.

"நிழல் எப்ப எடுத்தீங்க ஐயா?"

மாமா பேசவில்லை.

"இந்த வண்டுக்கு வெயில் படுற தண்டுதான் வேணும். நல்ல நிழல் இருந்தா அவ்வளவா முட்டை வைக்காது. நிழல் போனதுக்கு அப்புறம்தானே இவ்வளவு வந்திருக்கு?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மரம் காத்துல விழுந்துருச்சுங்க."

"அறுபது மரமுமா?"

"பெரிய காத்துங்க."

பையன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் சுண்ணாம்பு அளவு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். காபி விளைகிற ஊரில் பஸ் ஸ்டாண்டில் டீதான் கிடைக்கிறது. மாமா மழையைப் பற்றி ஏதோ பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

அதற்கப்புறம்தான் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். குற்றவாளி சட்டப் புத்தகம் படிப்பது மாதிரி. படித்ததில் முதல் அடி, இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது. 1860களில் குடகிலும் சுற்றுவட்டாரத்திலும் காட்டை மொட்டையடித்துக் காபி போட்ட வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டங்களை இதே வண்டு சூறையாடியது. மெட்ராஸ் அரசாங்கம் ஜார்ஜ் பிடி என்கிற டாக்டரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. 1869ல் அவருடைய அறிக்கை வந்தது. நிழல் வையுங்கள் என்று அப்போதே எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் எழும்பூர் மியூசியத்துக்கு அவர்தான் சூப்பரின்டெண்டென்ட். ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு ஐஸ் சாப்பிட்ட அதே மியூசியம்.

அதே 1869ல்தான் இலங்கையில் இலைத் துருவைக் கண்டுபிடித்தார்கள். பெர்க்லி என்கிற பாதிரியார் அந்தக் காளானுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். துரைமார்கள் வாய்க்கு அது நுழையாமல் 'டிவஸ்டேட்டிங் எமிலி' ஆகிவிட்டது. நாசகார எமிலி. நாங்கள் நெற்றியில் பொட்டு வைத்து விளையாடினது இந்த அம்மணியைத்தான். அப்போது இலங்கையில் இரண்டேமுக்கால் லட்சம் ஏக்கர் வரைக்கும் காபி, மலைக்கு மலை தொடர்ச்சியாக, நடுவில் ஒரு காடு இல்லாமல். 1880ல் மார்ஷல் வார்டு என்கிற இளைஞரை அனுப்பினார்கள். இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, இது காற்றில் பறக்கும் தூள், நீங்கள் இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரைப் போட்டு அதற்கு ராஜபாட்டை போட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்கிற மாதிரி சொன்னார். மருந்து என்ன என்று கேட்டார்கள். அவரிடம் மருந்து இல்லை. 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் இழுத்து மூடியது. காபியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். எமிலியால்தான் இங்கிலீஷ்காரன் டீ குடிக்க ஆரம்பித்தான் என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள், அவன் அதற்கு நூறு வருஷம் முன்னாலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அதில் உறுத்தினது வேறு. அந்தக் காபியைப் பறித்தவர்கள் யார்? திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரத்திலிருந்து போன நம் ஜனங்கள். தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காலராவில் செத்து, மிச்சம் இருந்தவர்கள் போய்ப் பறித்தார்கள். இங்கே 1876-78ல் தாது வருஷப் பஞ்சம். அங்கே செடியில் துரு. காபி சீசன் வேலை, முடிந்தால் ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கப் பறிக்க ஆள் வேண்டும். திரும்பி வருகிறவர்களாக இருந்தவர்களை அங்கேயே லயத்தில் குடியிருக்க வைத்தது, ஒரு வகையில், இலைக்கு அடியில் இருந்த அந்த ஆரஞ்சுப் பொடி. பூச்சியும் காளானும் செடியோடு நிற்பதில்லை.

இன்னொரு பூச்சியும் உண்டு, காய்த் துளைப்பான். 1990ல் நம் கூடலூரில்தான் இந்தியாவில் முதலில் பார்த்தார்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரியது. பழத்தின் தொப்புளில் ஓட்டை போட்டு உள்ளே குடும்பம் நடத்தும். அதற்கு மருந்து, ஒரு பழம் விடாமல் பறிப்பது, கீழே விழுந்ததைப் பொறுக்குவது. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாததால் எல்லாரும் விடுவது அதைத்தான். இதை விவரிக்கப் போனால் பத்தி முடியாது.

மாமா 2016ல் போய்விட்டார். கடைசி வரைக்கும் வருஷா வருஷம் ஒரு கிலோ தூள் வந்துகொண்டிருந்தது. பிழைத்த செடிகளிலிருந்து.

போன வாரம் மாமா மகன் வந்தான். 94ல் அவனுக்கு ஆறு வயசு; வத்தலக்குண்டில் பாட்டி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். இப்போது தோட்டத்தை அவன் பார்க்கிறான். பட்டர் ஃப்ரூட் போட்டிருக்கிறான், மிளகு பரவாயில்லை, காபியை மறுபடி நட லோன் போடுகிறான். பட்டாவில் அம்மா பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அம்மாவும் இல்லை, என் கையெழுத்து வேண்டும். அவன் காகிதத்தைப் பிரிப்பதற்குள் போட்டுவிட்டேன். பதிவுக்கு நேரில் வருகிறேன் என்றும் சொன்னேன்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 கடைசியில் திறந்ததில் எங்களுக்கு ஒரு லாபம், தென்மாவட்ட பஸ் எல்லாம் வாசலுக்கே வந்துவிட்டது. அவனை ஏற்றிவிடப் போயிருந்தேன். கல்யாண முருங்கைப் போத்து எண்பது ஊன்றியிருக்கிறானாம். சில்வர் ஓக் உயர்ந்து நிழல் கட்டப் பத்து வருஷம் ஆகும். "அதுவரைக்கும் சுண்ணாம்புதான் மச்சான்" என்று சிரித்தான். மாமாவின் சிரிப்பு.

பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். 2018ல கஜா அடிச்சப்போ எங்க தோட்டத்துல பன்னெண்டு மரம்தான் விழுந்துச்சு. அவ்வளவு பெரிய புயலு. அப்பா அந்தக் காலத்துல ஒரே காத்துல அறுபது மரம் போச்சும்பாரு. அம்மாவைக் கேட்டா அப்பாவைக் கேளுங்கும். அது எந்த வருஷக் காத்து? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"தொண்ணூத்தி நாலு" என்றேன்.

"அப்படி என்ன காத்து?"

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கையை ஆட்டினேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு கடையில் இந்தப் பத்திரிகை தொங்கும். அவன் வாங்குகிறவன்தான், என் பத்தியைப் படித்துவிட்டுப் போன் பண்ணுவான்.

மாப்ள, அந்த வருஷம் காத்து அடிக்கவில்லை.